இணையதளம் 15 மணி நேரம் என்கிறது, டிக்கெட் 22 மணி நேரம் என்கிறது!

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவை முதன்முறையாக அனுப்புகிறோம். தனியாகத்தான் போகிறார். சென்னையிலிருந்து விமானப் பயணம் 15 மணி நேரம் என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. டிக்கெட் தேடினால், நான் பார்த்ததில் குறைந்ததே 22 மணி நேரம். 30 மணி நேர டிக்கெட் ஒன்று எட்டாயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: எட்டாயிரத்தைப் பார்க்காதீர்கள், 22 மணி நேர டிக்கெட்டையே எடுங்கள்.

அந்த 15 மணி நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 13,500 கிலோமீட்டர். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானமே கிடையாது. எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அதனால் தூரம் அதிகமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். துபாய் வழியாகப் போனால் சுமார் 13,950, ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக 13,800 கிலோமீட்டர்தான். நேரத்தைத் தின்பது காத்திருப்பு. 30 மணி நேர டிக்கெட்டில் கூடுதலாக இருக்கும் எட்டு மணி நேரமும் பெரும்பாலும் விமான நிலைய நாற்காலியில்தான் கழியும்.

நீங்கள் எடுக்கும் டிக்கெட் ஒரே முன்பதிவா, ஒரே பிஎன்ஆர் எண்ணா என்றும் பாருங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்றிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டி வரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல்முறை போகிற அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கழித்துப் பார்த்துக் குழம்பாமல் ‘மொத்தப் பயண நேரம்’ என்ற இடத்தைப் பாருங்கள். திரும்பும்போது பறக்கும் நேரம் குறைவாக இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலமான காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வரும். வழக்கமாக ஏழு மணி நேரம் ஆகும் நியூயார்க்–லண்டன் பயணத்தை 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் துணையோடு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தது.

என்னைக் கேட்டால் அபுதாபி வழியையும் பாருங்கள் என்பேன். 2014 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பதினாலு மணி நேரம் பறந்து களைத்த பிறகு அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சிரமம் இல்லை. நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் வந்துவிடலாம். நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், அந்தச் சோதனை வரிசை நீளமாக இருக்கும்.

அப்புறம், அம்மாவுக்கு நெடுந்தூரம் நடக்கச் சிரமம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. விமானம் மாறும் இடத்திலும் ஆள் வந்து அடுத்த கேட் வரை கொண்டுபோய் விடுவார்.