படுக்கையருகே பணி ஒப்படைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தை அனுமதிக்கப்பட்டுள்ள வார்டில், டியூட்டி மாறும் வேளையில் பணி முடித்துச் செல்லும் செவிலியரும் பொறுப்பேற்கும் செவிலியரும் அவருடைய படுக்கையருகே நின்று விவரங்களைப் பேசிக்கொள்கிறார்கள். இதைச் செவிலியர் அறையிலேயே முடித்துக்கொள்ளலாமே? இதனால் நோயாளிக்கு நிறைவு கூடும் என்பது உண்மையா?

பதில்: கூடும், ஆனால் அவர்கள் எங்கே நின்று பேசுகிறார்கள் என்பதைவிட, நோயாளியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. தமக்குள்ள மருந்து ஒவ்வாமையும், காலையில் நிறுத்திவைக்கப்பட்ட மாத்திரையும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கிறது என்பதும் அடுத்து வருபவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற கவலை, படுத்திருப்பவருக்கு டியூட்டி மாறும் ஒவ்வொரு முறையும் எழும். "இனி இவர்தான் உங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று அறிமுகப்படுத்தி, அவர் காதுபடவே விவரங்களைச் சொல்லும்போது அந்தக் கவலை பெருமளவு தணிகிறது. பொறுப்பேற்பவர் ட்ரிப்ஸ் இறங்கும் வேகத்தையும் காயத்தின் கட்டையும் சிறுநீர்க் குழாயையும் அங்கேயே தம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறார். தவறாகச் சொல்லப்பட்ட ஒன்றை நோயாளியே திருத்தவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் 'எச்-கேப்ஸ்' என்னும் நோயாளிகள் கருத்துக்கணிப்பின் முடிவுகள் 2008 முதல் மருத்துவமனை வாரியாக வெளியிடப்படுகின்றன. செவிலியர்கள் மரியாதையாக நடத்தினார்களா, நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா, புரியும்படி விளக்கினார்களா என்று அது கேட்கிறது. இம்மூன்றும் படுக்கையருகே நடக்கும் ஒப்படைப்பில் நோயாளிக்கு நேரடியாகத் தென்படுபவை. அந்த மதிப்பெண்கள் பின்னர் அரசுக் காப்பீடு மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையோடும் இணைக்கப்பட்டன என்பதால், நிர்வாகங்கள் இம்முறையில் காட்டிய ஆர்வம் முழுக்க அன்பினால் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இம்முறைக்கு மாறியபின் மதிப்பெண் உயர்ந்ததாகப் பல மருத்துவமனைகள் கூறியுள்ளன. ஆயினும் முன்னும் பின்னும் ஒப்பிடுவதால் மட்டும், உயர்வுக்கு இம்முறைதான் காரணமா, அதே காலத்தில் செய்யப்பட்ட வேறு மாற்றங்கள் காரணமா என்று பிரித்தறிய இயலாது. செவிலியர் ஒப்படைப்பு முறைகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தன் கடுமையான அளவுகோல்களுக்கு உட்பட்ட ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றே முடித்தது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: நோயாளி அங்கே இல்லாததுபோல "ஏழாம் பெட்" என்று அவரைக் குறிப்பிட்டு, அவருக்குப் புரியாத சுருக்கெழுத்துகளில் இருவரும் பேசி நகர்ந்தால், அதற்குச் செவிலியர் அறையே மேல்.

கேள்வி: நான் செவிலியர். ஒவ்வொரு படுக்கையாகச் சென்று ஒப்படைத்தால் நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப முடிவதில்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள் என்பது வேறு சங்கடம்.

பதில்: நேரம் நீள்வதற்குப் பெரும்பாலும் பேச்சில் ஒழுங்கு இல்லாததே காரணம். நோயாளியின் தற்போதைய நிலை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, அடுத்துச் செய்யவேண்டியது என்ற வரிசையில் பேசும் 'எஸ்பார்' முறை, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. அதைப் பழகிக்கொண்டால் சொன்னதையே திரும்பச் சொல்வது குறையும். ஆனால், ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் எந்த வரிசையும் நேரத்தை உண்டாக்கித் தராது. இரு டியூட்டிகளுக்கும் இடையே சற்று நேரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அட்டவணை அமைப்பது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் இம்முறையைத் திணிப்பது நியாயமன்று.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் படுக்கையருகே சொல்லவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. எச்.ஐ.வி. நிலை, மனநல வரலாறு, குடும்பத் தகராறு, மருத்துவர் இன்னும் நோயாளியிடம் தெரிவிக்காத பரிசோதனை முடிவு ஆகியவற்றை முன்னதாகவே தனியிடத்தில் சொல்லிவிட்டு, அல்லது கேஸ் ஷீட்டில் உள்ள வரியை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு, மற்றவற்றைத் தாழ்ந்த குரலில் பேசலாம். உறவினர் உடனிருந்தால், அவர் இருக்கலாமா என்று நோயாளியிடம் கேட்கவேண்டும். அதையும் உறவினருக்கு எதிரில் கேட்டால் மறுக்க மனம் வராது என்பதால், அனுமதிக்கும் நாளிலேயே தனியாகக் கேட்டுக் குறித்துவைப்பது நல்லது.

கேள்வி: அதிகாலையில் டியூட்டி மாறும்போது, உறங்கும் நோயாளியை எழுப்பவேண்டுமா?

பதில்: எழுப்பலாமா என்பதை முந்தைய இரவே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றவரின் மூச்சு, ட்ரிப்ஸ், குழாய்கள் ஆகியவற்றை இருவரும் ஓசையின்றிச் சரிபார்த்தால் போதும். புதியவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதை அவர் விழித்தபின் செய்யலாம். நினைவுநிலையைக் கண்காணிக்கவேண்டிய தலைக்காயம் போன்ற நிலைகளில் மட்டும், உறக்கமா மயக்கமா என்று தெரிந்துகொள்ள எழுப்பித்தான் ஆகவேண்டும்.