பண்ணைக் குஞ்சுகளை விட்டால் ஆற்று மீன் பெருகுமா?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் பக்கம் ஸ்டீல்ஹெட் மீன் குறைந்துவிட்டதால் பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறார்களாமே, அதனால் அந்த இனம் மீண்டு வருமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் வராது. தூண்டில் போடுகிறவர்களுக்கு மீன் கிடைக்கும், அது வேறு விஷயம்.

நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட் இருக்கிறதே, அதே இனம்தான் ஸ்டீல்ஹெட். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வருகிற வகை.

ஓரிகனில் உள்ள ஹூட் ஆற்றில், திரும்பி வந்த மீன்களின் மரபணுவை வைத்து எது எதன் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள். 2007-ல் வந்த முடிவுப்படி, பண்ணையில் கழிகிற ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் குஞ்சு பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. 2016-ல் இன்னொரு ஆய்வு: ஒரே ஒரு தலைமுறை பண்ணையில் வளர்ந்த மீன்களின் குஞ்சுகளில் 700-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேறு விதமாக வேலை செய்தன. காரணம் புரியாததல்ல. தொட்டியில் நெரிசல் உண்டு, தீவனம் உண்டு, பிடித்துத் தின்ன எதிரி கிடையாது, ஆற்றில் இரண்டு வருஷம் போல எடுக்கிற வளர்ச்சியை ஒரே வருஷத்தில் முடித்து அனுப்புகிறார்கள். ஆக, தொட்டிக்குத் தோதான மீன்தான் தப்பிப் பிழைக்கிறது, அது ஆற்றுக்குத் திரும்பி அங்கே பிறந்த மீனோடு கலந்தால் அந்தப் பலவீனம் குஞ்சுகளுக்கும் போகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அணை கட்டியதால் மீனை இழந்த பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை இருக்கிறது, அதற்குப் பண்ணைகள் தேவைப்படுகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இனத்தை மீட்கிறோம் என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

சரி, எதுதான் மீட்கும்? வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 2011-ல் தொடங்கி 2014-க்குள் இரண்டு அணைகளையும் இடித்தார்கள். அங்கே அற்றுப்போகும் நிலையில் இருந்த கோடைக்கால ஸ்டீல்ஹெட், அதாவது கோடையிலேயே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிற வகை, தானாகவே திரும்பி வந்தது. அணைக்கு மேலே சிக்கியிருந்த ட்ரவுட்டில், கோடையில் ஏற வைக்கிற அந்த மரபணு அத்தனை வருஷமும் அழியாமல் இருந்திருக்கிறது.

விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு மீன் குறைந்துபோன ஆற்றில் மட்டும் பண்ணையை நான் ஏற்பேன். அப்போதும் அதே ஆற்றின் முட்டையை எடுத்துப் பொரிக்க வேண்டும், கொஞ்ச வருஷம்தான் செய்ய வேண்டும், எந்த வருஷம் நிறுத்துவது என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.