மவுண்ட் ரோடும் மூன்று மொழிக் கல்லும்

கேள்வி (தாம்பரம் வாசகர்): தினமும் பஸ்ஸில் அண்ணா சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பெயர் மாறி இவ்வளவு வருஷம் ஆகியும் பலர் ‘மவுண்ட் ரோடு’ என்றே சொல்கிறார்களே, ஏன்? இந்தச் சாலையைப் போட்டது யார்?

பதில்: மவுண்ட் என்பது பரங்கிமலை. கோட்டையிலிருந்து அங்கே போகிற வழி என்பதால் மவுண்ட் ரோடு. அண்ணா மறைந்த பிறகுதான் அவர் பெயர் வந்தது. சரி, போட்டது யார் என்றால் ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. புனித தோமையார் உயிர்விட்ட இடம் என்ற நம்பிக்கையில் மலைக்குப் போகிறவர்கள் வெகுகாலமாகவே இருந்தார்கள். குறுக்கே அடையாறு. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தாண்டுவது பெரும்பாடு.

அங்கே 1726-ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. முழுக்கத் தன் கைக்காசு. பாலத்தைப் பராமரிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்தார், பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கட்டிக்கொடுத்தவைதான். பாலத்துக்கு மர்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலம் என்பது வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது என்பார்கள். 1960-களில் அதை இடித்துவிட்டுக் கட்டியதுதான் நீங்கள் தினமும் கடக்கிற மறைமலை அடிகள் பாலம். உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டை பக்கம் ரோட்டோரமாக நிற்கிறது. லத்தீன், பாரசீகம், ஆர்மீனியம் என்று மூன்று மொழி எழுத்துகள்.

முதல் முறை தேடிப் போனபோது கல்லைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் “எந்தக் கல்லு சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள். பஸ் புகை படிந்து கறுத்துப்போன கல், சில எழுத்துகளை விரலால் தடவித்தான் உணர முடிந்தது. மனசு கனத்துப்போய்விட்டது. எங்கிருந்தோ பிழைக்க வந்த ஊரில், யாரோ கால் நனையாமல் ஆற்றைத் தாண்டட்டும் என்று காசைக் கொட்டியவர் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (கரூர் வாசகி): அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்தவர்கள் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததாகச் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: ஆமாம். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான், 177 அடி. தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. 1954 விமான விபத்தில் அவர் இறந்துபோனார், 1956-ல் இன்சூரன்ஸ் தொழில் அரசுடைமையானது, கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. முடிந்த கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. 1975-ல் பெரிய தீ விபத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

கேள்வி (ராயப்பேட்டை வாசகர்): சாந்தி, சஃபையர் எல்லாம் போய்விட்டன. மவுண்ட் ரோட்டில் பழைய தியேட்டர் எதுவுமே மிச்சமில்லையா?

பதில்: சஃபையரில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று தியேட்டர், 1964-லேயே. அது போனது எனக்கும் வருத்தம்தான். தேவி இன்னும் ஓடுகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்று உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1913-ல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர், ஊமைப்படக் காலத்துக் கொட்டகை. அதை அப்புறம் தபால் துறை வாங்கியது. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் போய், தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கட்டடம்தான் தியேட்டர். வேலைநாளில் போங்கள், பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு தபால்தலை வாங்கிக் கொடுங்கள்.