இரட்டை டீசல் இன்ஜின் க்ரூசர் படகு, 15 வருடப் பழசு, 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

குறைந்த மணி நேரத்தை நீங்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டீர்கள். விற்பவரும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 20 மணி நேரம். மீதி நாளெல்லாம் அந்த இரண்டு இன்ஜின்களும் ஈரக்காற்றில் சும்மா நின்றிருக்கின்றன. படகு இன்ஜினுக்கு அது ஓய்வு இல்லை, துருப்பிடிக்கக் கிடைத்த அவகாசம்.

"ஒழுங்காகப் பராமரித்திருந்தால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது கிளம்பி வருவார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பராமரித்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் மெக்கானிக் இல்லை. சொந்தப் படகின் இன்ஜின் அறையில் முட்டி தேயக் கிடந்தவன், அவ்வளவுதான்.

உங்கள் படகைப் போலவே குறைவாக ஓடிய ஒன்றை நானும் பார்க்கப் போனேன். பெயிண்ட் பளபள. இன்ஜின் அறைக்குள் இறங்கியதும் முதலில் பிளாக் மேல், அதாவது இன்ஜினின் இரும்பு உடம்பு மேல், கை வைத்தேன். சூடு. நான் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் மனிதர், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது தெரியக்கூடாதே. "உங்களுக்காகத் தயாராக வைத்தேன்" என்றார். நாளைக்கு வருகிறேன், அதுவரை சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் இடது பக்க இன்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஸ்டார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கிற பம்ப் வெளித்தண்ணீரை எக்ஸாஸ்ட்டுக்குள், அதாவது புகைக் குழாய்க்குள், தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. கடைசியில் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடலாம். விற்பவருக்கு அது தெரியவில்லை. ஒருவழியாகப் பிடித்தபோது வெள்ளைப் புகை. குளிர்ந்த டீசலில் முதலில் கொஞ்சம் வரும், அதில் தப்பில்லை. இது சூடேறிய பிறகும் நிற்கவில்லை. வலது பக்கம் சுத்தமாக ஓடியது. இரட்டை இன்ஜினில் இது ஒரு வசதி: ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகம்) இரண்டையும் ஓட்டி வெப்பம், ஆயில் அழுத்தம், புகை மூன்றையும் ஒப்பிட்டால் கெட்டது தானே காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் எல்போவை, புகைக் குழாயின் வளைவை, பார்த்தேன். புதுப் பெயிண்ட், ஆனால் இணைப்பின் ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு கோடு. ரப்பர் ஹோஸ் மேலேயும் கிளாம்ப் மேலேயும் அதே பெயிண்ட். கழற்றிச் சுத்தம் செய்து அடித்திருந்தால் ஹோஸில் ஏன் படப்போகிறது? சூடான புகையும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம் அந்த எல்போ. உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியாது. ஓட்டை விழுந்தால் தண்ணீர் டர்போவுக்குப் போகும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம் அது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "படகு வாங்குகிற ஆள் இவ்வளவு கணக்குப் பார்ப்பாரா" என்றார். இது எனக்கு எப்போதுமே எரிச்சல். படகு வைத்திருந்தால் காசு கொட்டிக் கிடக்கும் என்று சொந்தக்காரர்கள்கூட நினைக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், டீசல் ஊற்ற ஒருத்தர் கை நீட்டியதில்லை. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த காசு ஐயா அது. சரி, விடுங்கள்.

நான் கடைசியில் வாங்கியது 2,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய படகு. உரிமையாளர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்: ஆயில் மாற்றிய தேதி, இம்பெல்லர் (தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) மாற்றிய தேதி, ஆஃப்டர்கூலரை (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) கழற்றிச் சுத்தம் செய்தது, எல்லாம் கையெழுத்தில். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின்கள், எளிமையான மெக்கானிக்கல் டீசல் பம்ப், உதிரி பாகம் கிடைப்பதில் சிக்கலில்லை. யான்மார் கம்பெனி இன்ஜின் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அதுவும் நல்ல இன்ஜின்தான்.

வெள்ளோட்டத்தில் முழு த்ராட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் தகட்டில் 2800 ஆர்பிஎம் என்றிருந்தால் படகு நிறைய எரிபொருளோடும் ஆட்களோடும் அதைத் தொட வேண்டும். 2500-லேயே நின்று கரும்புகை கக்கினால், அடிப்பாகத்தில் பாசி இருக்கலாம், டர்போ கோளாறாக இருக்கலாம், ப்ரொப்பெல்லர் பெரிதாக இருக்கலாம். ப்ரொப்பெல்லர்தான் காரணம் என்றால் "அதை மாற்றிவிடலாம்" என்பார் புரோக்கர். இத்தனை நாள் அந்தச் சுமையை இழுத்த இன்ஜின்களை யார் மாற்றுவது?

ஆயில் சாம்பிள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சோடியம் தெரிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். போன வாரம்தான் ஆயில் மாற்றினோம் என்று சொன்னால் அந்தப் பரிசோதனை வீண். படகின் உடலைப் பார்க்கும் சர்வேயர் பெரும்பாலும் இன்ஜினைப் பிரித்து ஆராய மாட்டார், அதற்குத் தனி ஆள் வையுங்கள். விற்பவர் சிபாரிசு செய்கிற ஆளாக மட்டும் அவர் இருக்க வேண்டாம்.