3 மீட்டர் இறக்கத்தில் 5 கிலோவாட் வருமா?

வாசகர் கேள்வி: பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். ஓடையில் பழைய தடுப்பணை ஒன்று, 3 மீட்டர் இறக்கம். கோயிலுக்கும் நான்கு வீடுகளுக்கும் விளக்கு, காற்றாடி, ஓர் ஐஸ்பெட்டி ஓடினால் போதும். ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் '5 கிலோவாட் பெல்டன்' செட் என்று ஏஜண்டு ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தகட்டில் அடித்திருக்கும் 5 கிலோவாட், அந்த ஜெனரேட்டர் தாங்கும் அளவு. ஓடை எவ்வளவு தரும் என்பது தனிக் கணக்கு. விநாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதை இறக்கத்தின் மீட்டரால் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்குங்கள். கம்பியில் வரும் வாட் ஏறக்குறைய அவ்வளவுதான். 3 மீட்டரில் 5 கிலோவாட் வர விநாடிக்கு 333 லிட்டர் வேண்டும்.

பெல்டன் பெரிய உயரத்துக்கான சக்கரம். 3 மீட்டரில் தண்ணீர் விநாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில்தான் பீய்ச்சும். 20 சென்டிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 350 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டர் கேட்பதோ 1500. ஏஜண்டுக்கு இது தெரியாமல் இல்லை.

முதலில் அளவெடுங்கள். பிளைவுட் பலகையில் 90 பாகை 'வி' வெட்டி, ஓரம் கசியாமல் ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். பலகைக்கு ஒரு மீட்டர் மேல்புறம், 'வி'யின் அடிமுனை மட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். 30 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 68 லிட்டர், அதாவது ஒரு கிலோவாட். 20 என்றால் 25 லிட்டர், வெறும் 375 வாட். மழை விட்ட மறுநாள் அளந்து ஏமாறாதீர்கள். வெயில் காலத்தில் அளந்ததை வைத்தே முடிவெடுங்கள். 375 வாட்டில் விளக்கும் காற்றாடியும் ஓடும், ஐஸ்பெட்டி கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு அது தாக்குப்பிடிக்காது.

தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்கு, தண்ணீர் குறுக்கே பாய்ந்து சுழற்றும் சக்கரமான கிராஸ்ஃபுளோ டர்பைன் எடுங்கள். தண்ணீர் பாதியானாலும் ஓரளவு ஒழுங்காக ஓடும், குப்பையையும் பொறுத்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றுவதால் பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து வழியும் நீர் போல, ஆண்டு முழுக்க ஒரே அளவில் வந்தால் நிலைத்த இறக்கையுள்ள புரொப்பெல்லர் டர்பைன் மேல். கிராஸ்ஃபுளோ சக்கரத்தை வெளியேறும் தண்ணீருக்கு மேலே வைத்தாக வேண்டும், அந்த உயரம் வீண். புரொப்பெல்லரில் கீழே பொருத்தும் உறிஞ்சுகுழாய் அதையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் குழாயின் வாய் எந்நேரமும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். இணைப்பில் காற்று கசிந்தால் உறிஞ்சல் போச்சு. தண்ணீர் பாதியாகும் ஓடையில் அதே டர்பைன் உதவாது, திறன் மளமளவென்று சரியும். எந்த வகையானாலும் கனமழையில் தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் மட்டம் 1.5 மீட்டர் ஏறினால் உங்கள் இறக்கத்தில் பாதி காணாமல் போகும்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 6 அங்குல பிவிசி குழாயில் 68 லிட்டர் ஓட்டினால் 30 மீட்டர் தூரத்துக்கே சுமார் 2 மீட்டர் இறக்கம் உராய்வில் கரையும். 12 அங்குலத்தில் 10 சென்டிமீட்டர்கூடப் போகாது. குப்பை வடிகட்டியில் மட்டை அடைத்து 20 சென்டிமீட்டர் மட்டம் இறங்கினாலும் நூற்றுக்கு ஏழு நஷ்டம். தினம் வாரிவிட ஆள் வேண்டும்.

'மிச்சத்தை டிஎன்பி மின் நிறுவனத்துக்கு விற்கலாம்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். வீட்டுக்காரர்களுக்கென்று வந்த நெட் மீட்டரிங் (மிஞ்சும் மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் திட்டம்), 2025-இல் புது விண்ணப்பம் நிற்கும்வரை சூரிய மின்சாரத்துக்கு மட்டுமே இருந்தது. ஓடையைத் திருப்ப 1920-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டப்படி மாநில உரிமம் வேண்டும். நாலு விளக்குக்கும் இத்தனை இலாகா படியேற வேண்டுமா என்று எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல்தான். அதற்காக 'பர்மிட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். மாவட்ட நில அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள்.

கொட்டேஷனில் லோட் கண்ட்ரோலர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தால் டர்பைன் தறிகெட்டுச் சுற்றி, மின்னழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் சாமான்கள் கருகும். மிஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் இருக்கும் ஹீட்டர் கம்பிக்குத் திருப்புவது இந்தக் கருவிதான். விலையைக் குறைத்துக் காட்ட ஏஜண்டுகள் முதலில் உருவுவதும் இதையே.