முன்பே பணம் கட்டலாமா, போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? வெளிநாட்டுப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இத்தாலிக்குப் பத்து நாள் போகிறோம். டூர், ரயில் எல்லாவற்றுக்கும் இப்போதே பணம் கட்டிவிட்டால் நிம்மதி என்கிறார் கணவர். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. யார் பக்கம் நீங்கள்?

பதில்: உங்கள் வீட்டு வழக்கில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது தீர்ந்துபோகுமா?’ என்று மட்டும் கேளுங்கள். மிலானில் டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்கச் சிறு சிறு குழுவாகத்தான் விடுவார்கள், அதுவும் 15 நிமிடம். அந்த டிக்கெட் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும், இன்றைக்கே கட்டுங்கள். ரோமில் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போகும் டூருக்கு என்ன அவசரம்? போய் இறங்கி, கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம்.

ரயிலிலும் இதே இரண்டு ரகம். ரோம், புளோரன்ஸ், மிலான் போகும் அதிவேக ரயில்களில் மலிவு டிக்கெட் முதலில் தீரும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஊர் ஊராக நின்று போகும் ‘ரெஜியோனாலே’ ரயிலுக்கோ எப்போது வாங்கினாலும் ஒரே கட்டணம், இருக்கை எண்ணும் கிடையாது. அதற்கு முன்பே பணம் கட்டி ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: அதே ஆள்தான் அக்கா. அந்த மலிவு டிக்கெட்டை விமானம் இறங்கும் நாளுக்கே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அடிமட்ட விலை டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து, மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: ஜப்பானுக்குக் கிளம்புமுன் ரயில் பாஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: அது பழைய கணக்கு. 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென்னுக்குப் போனது. டோக்கியோ–கியோட்டோ போய்வர புல்லட் ரயிலில் தனித்தனியாக வாங்கினாலே சுமார் 28,000 யென்னில் முடிகிறது. ஒரு வாரத்துக்குள் தெற்கு வடக்காக ஓடப்போகிறீர்கள் என்றால் பாஸ் பற்றி யோசியுங்கள். மற்றவர்கள் தனித்தனி டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு இந்த மூன்று சமயத்திலும் அப்படிப் போய் நிற்காதீர்கள். ‘நொசோமி’ என்ற அதிவேகப் புல்லட் ரயில்களில் அப்போது முன்பதிவு இல்லாத பெட்டியே இருக்காது.

கேள்வி: மேடம், துருக்கியின் கப்படோக்கியாவில் பலூன் சவாரி. முழுப் பணமும் முன்னாலேயே கேட்கிறார்கள். காற்று அடித்தால்?

பதில்: காற்று அடித்தால் பறக்க விடமாட்டார்கள், அது நிறுவனத்தின் கையில் இல்லை. எனவே முன்பணம் கட்டுவதில் தவறில்லை, ஆனால் வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் நாள். அங்கே தங்கும் முதல் காலைக்குப் போடுங்கள்; ரத்தானால் அடுத்த காலை கையில் இருக்கும். நான் கடைசி நாளுக்குப் போட்டேன். பணம் திரும்பி வந்தது, பலூன்தான் வரவில்லை.

‘24 மணி நேரத்துக்கு முன்வரை இலவச ரத்து’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் டூர் நடக்கும் ஊரின் நேரம். உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதை நடைப்பயணம். இரண்டு மாதம் முன்னால் போட்டால் போதுமா?

பதில்: போதாது. வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் எல்லாரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பாதையே மூடல். அனுமதி உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் வரும், வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் டூர் நிறுவனத்திடம் உடனே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பணம் வாங்கிய நிறுவனமே மூழ்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: நடக்காத விஷயம் இல்லை. 1841-இல் தொடங்கிய பிரிட்டன் சுற்றுலா நிறுவனம் தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று கடையைக் கட்டியது. வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய 1,50,000 பேரை பிரிட்டன் அரசு விமானம் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. விமானமும் தங்குமிடமும் சேர்ந்த பேக்கேஜாக வாங்கியவர்களுக்கு அங்கே காப்பு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பேக்கேஜ் விற்பவர் திவாலானால் பணம் திரும்பச் சட்டம் உண்டு. தனியாக ஒரு டூர் மட்டும் வாங்கினால் அந்தக் காப்பு பொதுவாக வராது. அதனால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள்; சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட வழி இருக்கும். வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பச் சொல்லி, அதற்குத் தள்ளுபடியும் தருகிறேன் என்றால், நான் அங்கேயே விலகிவிடுவேன்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போக கார் முன்பதிவு செய்யலாமா?

பதில்: நள்ளிரவில் குழந்தைகளோடு இறங்கினால் போடுங்கள், விமான எண்ணைக் கொடுங்கள், முடிந்தால் பணத்தை ஓட்டுநரிடம் கொடுங்கள். பகலில் இறங்கினால் தேவையில்லை.

கேள்வி: கப்பல் பயணத்தில், துறைமுக டூரைக் கப்பலிலேயே வாங்கினால் விலை அதிகம். வெளியில் முன்பதிவு செய்யலாமா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா. கப்பல்காரர்களின் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் வாங்கிய டூருக்குக் காத்திருக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சுற்றுவதென்றால் வெளியில் வாங்குங்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் உள்ளே போகிற இடமென்றால், அந்தக் கூடுதல் காசைக் கொடுத்துவிடுங்கள்.