வாசகர் கேள்வி பதில்: பொஸ்டன் தேயிலையும் தியத்தலாவைக் கைதிகளும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொது அறிவுப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்களிடமிருந்தும் அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களிடமிருந்தும் வந்தவை. ஒற்றை வரியில் விடை கேட்டிருக்கிறார்கள். ஒற்றை வரி போதுமான இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். போதாத இடத்தில் வாசகர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை இலங்கையிலிருந்து போனது என்று எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் நடந்த போட்டியில் ஒருவர் விடை கூறினார். நடுவரும் அதற்குப் புள்ளி வழங்கினார். அது சரியா? (ஹட்டன்)

பதில்: புள்ளி வழங்கியது தவறு. 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலில் எறியப்பட்டது. அது முழுவதும் சீனத் தேயிலை. அக்காலத்தில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனி தனது தேயிலையைச் சீனாவின் கன்டன் துறைமுகத்திலேயே வாங்கியது. அசாம் தேயிலை இலண்டனில் விற்பனைக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. இலங்கையின் கரையோரம் அப்போது ஒல்லாந்தரிடம் இருந்தது, மலைநாட்டைக் கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தான். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் கோப்பிச் செடிகளில் பரவத் தொடங்கிய இலைநோய் இல்லாதிருந்தால் இந்த மலைகள் முழுவதும் தேயிலைக்கு மாறியிருக்குமா என்பதே ஐயம்.

இந்நிகழ்வைப் பற்றி இன்னொரு பிழையும் போட்டிகளில் தொடர்ந்து உலவுகிறது. தேயிலையின் விலை உயர்ந்ததால் பொஸ்டன் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்பதே அது. உண்மையில் 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், கம்பனி தன் சரக்கை நேரடியாகக் குடியேற்றங்களுக்கு அனுப்ப வழிசெய்து, விலையைக் குறைத்தது. ஆயினும் இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் இறக்குமதி வரி அப்படியே நீடித்தது. தங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத பாராளுமன்றம் தங்கள்மீது வரி விதிப்பதை ஏற்க முடியாது என்பதும், கம்பனிக்குக் கிடைத்த ஏகபோகம் உள்ளூர் வணிகர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதுமே எதிர்ப்பின் காரணங்கள்.

கேள்வி: உலகில் மிகக் குறுகிய காலம் நடந்த போர் எது? (மஸ்கெலியா)

பதில்: 1896 ஓகஸ்ட் 27ஆம் திகதி பிரித்தானியாவுக்கும் கிழக்காபிரிக்கத் தீவான சன்சிபாரின் சுல்தானுக்கும் இடையில் நடந்தது. சுமார் 38 நிமிடங்களில் முடிந்தது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 45 நிமிடங்கள் வரை கூறுவோரும் உண்டு. போட்டி நடத்துபவர்கள் நிமிடக் கணக்கைக் கேட்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது உலகின் பிற பகுதிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? (மாத்தளையைச் சேர்ந்த வரலாற்று ஆசிரியை)

பதில்: இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் நிறைய வர வேண்டும். மன்னன் சிறி விக்கிரம இராஜசிங்கன் பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தில் பிரித்தானிய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் முன்னிலையில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அதற்கு முதல் நாள்தான், மார்ச் 1ஆம் திகதி, எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் வந்திறங்கினான். ஐரோப்பா முழுவதும் மீண்டும் போருக்கு ஆயத்தமாக வேண்டியிருந்தது. ஜூன் 18ஆம் திகதி வாட்டர்லூவில் அது முடிவுக்கு வந்தது. மகுல் மடுவவில் நின்ற எவருக்கும் இதில் ஓர் எழுத்தும் தெரிந்திருக்க வழியில்லை. சுயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு முந்திய அக்காலத்தில், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த கப்பல்கள் ஐரோப்பியச் செய்தியை இங்கு கொண்டுசேர்க்க மாதக்கணக்காகும். அதே ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் இடையில் பெரும் சமர் நடந்தது. இரு நாடுகளும் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அப்போது இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. செய்தி கடலைக் கடந்து வராததால் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அந்த ஆண்டின் மிகப் பெரிய நிகழ்வு என்று நான் கருதுவது வாட்டர்லூ அல்ல. ஏப்ரல் 10ஆம் திகதி இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. பதிவான மனித வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்புக் கிடையாது. மலை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தை இழந்தது. அது நமது மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரத்தில் பாதியை விட அதிகம். வானில் கலந்த கந்தக வாயு நுண்துகள்களாகி உலகைச் சுற்றிப் பரவி வெயிலைத் தடுத்தது. அடுத்த ஆண்டு, 1816இல், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. ஐரோப்பாவில் அறுவடை பொய்த்து, பாணின் விலை ஏறி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் மக்கள் பசியால் வாடினார்கள். காரணம் ஆசியாவின் ஒரு தீவில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் பாடநூல்கள் நெப்போலியனுக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் தம்போராவுக்கு ஒதுக்கலாம்.

கேள்வி: தியத்தலாவையில் தென்னாபிரிக்கக் கைதிகள் இருந்தார்கள் என்று என் பாட்டனார் கூறுவார். உண்மையா, ஐயா? (பண்டாரவளை)

பதில்: உங்கள் பாட்டனார் கூறியது உண்மையே. தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிரித்தானியரிடம் பிடிபட்ட, ஒல்லாந்து வழிவந்த குடியேறிகளான போயர் வீரர்களில் சுமார் 5,000 பேர் 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டார்கள். சென் ஹெலினா, பெர்முடா, இந்தியா ஆகிய இடங்களுக்கும் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுத்து இங்கேயே தங்கிவிட்ட எங்கல்பிரெக்ட் என்பவர் பின்னர் யால வனத்தின் முதல் காவலராகப் பணியாற்றினார்.

நாடுகடத்தல் பிரித்தானியப் பேரரசின் வழக்கமான ஆட்சிமுறையாகவே இருந்தது. தோற்ற தலைவனைக் கொன்றால் அவன் தியாகியாகிவிடுவான். சொந்த மண்ணில் சிறைவைத்தால் அவனைச் சுற்றி மக்கள் திரள்வார்கள். தங்கள் கடற்படை கட்டுப்படுத்தும் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. கண்டியின் கடைசி மன்னன் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். அதே வேலூர்க் கோட்டையில்தான் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை திப்பு சுல்தானின் குடும்பத்தினர் காவலில் இருந்தார்கள். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்து 1882இல் தோற்ற அஹமத் உராபி பாஷா நாடுகடத்தப்பட்டு மறு ஆண்டு இலங்கைக்கு வந்துசேர்ந்தார். முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்து 1901இல் நாடு திரும்பினார். அவர் வாழ்ந்த கண்டி வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. மேற்காபிரிக்காவின் அசாந்தி மன்னன் பிரெம்பே இந்து சமுத்திரத்தின் சீசெல்ஸ் தீவுகளுக்குப் போனான். எல்லாவற்றிலும் குரூரமான பொருத்தம் டெல்லியும் பர்மாவும்: கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா 1858இல் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார், கடைசிப் பர்மிய மன்னர் தீபோ 1885இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு இரத்னகிரியில் வைக்கப்பட்டார். இருவருமே ஊர் திரும்பவில்லை.

கேள்வி: ரஷ்யாவின் ஒக்டோபர் புரட்சி நவம்பரில் நினைவுகூரப்படுவது ஏன்? (நானுஓயா)

பதில்: நாட்காட்டி வேறுபாடே காரணம். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதன்படி 1917 ஒக்டோபர் 25 என்பது மற்ற நாடுகளில் நவம்பர் 7. கத்தோலிக்க நாடுகள் சில 1582இலேயே ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று எண்ணித் திருத்திக்கொண்டன. பிரித்தானியா 1752 வரையும் ரஷ்யா 1918 வரையும் கிரேக்கம் 1923 வரையும் காத்திருந்தன. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று போட்டிகளில் கூறப்படுவதும் இதே காரணத்தால் தவறு. இரு நாடுகளின் நாட்காட்டிகளுக்கும் இடையில் அப்போது பத்து நாள் வித்தியாசம் இருந்தது.

கேள்வி: பெண்களுக்கு முதலில் வாக்குரிமை அளித்த நாடு எது? இலங்கை எந்த இடத்தில் உள்ளது? (தலவாக்கலை)

பதில்: 1893இல் நியூசிலாந்து என்பதே வழக்கமான விடை. ஆனால் அங்கு பெண்கள் தேர்தலில் போட்டியிட 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்களிக்கவும் போட்டியிடவும் சேர்த்து எல்லாப் பெண்களுக்கும் உரிமை தந்த நாடு என்று கேட்டால் 1906இல் பின்லாந்தைக் கூற வேண்டும். மறு ஆண்டுத் தேர்தலிலேயே அங்கு 19 பெண்கள் உறுப்பினரானார்கள்.

இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் 1931இல் வாக்களித்தார்கள். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்சியப் பெண்கள் 1944 வரையும் சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தல்களுக்கு 1971 வரையும் காத்திருந்தார்கள். அட்லின் மொலமூரே 1931இலும் நேசம் சரவணமுத்து 1932இலும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள்.

இந்த வரிசையைப் பெருமையோடு எழுதுகிற நம் நூல்கள் பல ஓர் அடிக்குறிப்பை விட்டுவிடுகின்றன. 1931ஆம் ஆண்டின் வாக்குரிமையோடு நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனையும் வந்தது. அது பெரிதும் தாக்கியது இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரையே. அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. ஆகவே தலவாக்கலையில் 1931இல் வாக்களித்த ஒரு தொழிலாளிப் பெண், சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு நாற்பது ஆண்டுகள் முந்தி அந்த உரிமையைப் பெற்று, அவளுக்கு அது கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இழந்திருக்கக்கூடும். போட்டியில் இக்கேள்வியைக் கேட்பவர்கள் "முதலில் வாக்களிக்க" என்றோ "முதலில் போட்டியிட" என்றோ தெளிவாகக் கேட்டால் விடை கூறுபவர்களுக்கு அநீதி நேராது.

கேள்வி: சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியுமா? (பதுளை)

பதில்: தெரியாது. 2003இல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், சந்திரனை விடப் பல மடங்கு அருகிலிருந்து பார்த்தும் தன் கண்ணில் படவில்லை என்றே கூறினார்.